எந்த இலாகாவைக் கேட்பது?

சென்ற மாதம் ஓரிரவு விடுதி வாயிலிலுள்ள தேநீர்க் கடையில் நடந்த வாதமே இக்கட்டுரைக்குக் காரணம். ஆய்வுக்கூடத்தில் என் பக்கத்து மேசைக்காரரான பீகார் நண்பர் திடீரென்று கேட்டார்: “1996 முதல் 2013 வரை, இடையிடையே சில மாதங்கள் போக, உங்கள் ஊர்க் கட்சிகள் இடம்பெறாத மத்திய அமைச்சரவையே இல்லை. அத்தனை ஆண்டுகள் இருந்து என்ன இலாகா வாங்கினீர்கள்? எங்களைப் பாருங்கள். நாங்கள் ரயிலை வாங்கினோம். ஹாஜிப்பூருக்கு ஒரு ரயில்வே மண்டலமே வந்தது!”

நான் விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். தொழில், வர்த்தகம், சுற்றுச்சூழல், கப்பல், நெடுஞ்சாலை, தொலைத்தொடர்பு, சுகாதாரம், ஜவுளி, உரம். பட்டியல் நீளமாகத்தான் இருந்தது. எண்ணி முடித்ததும் அவர், “ஆகையால்?” என்றார். அந்த ஒற்றைச் சொல்லுக்கு அன்றிரவு என்னிடம் விடையில்லை. பிறகு யோசித்துப் பார்த்ததில் கிடைத்த விடையை நம் சங்க நண்பர்கள் முன் வைக்கிறேன். ஒப்பாதவர் அடுத்த இதழில் எழுதலாம்; ஆசிரியர் இடம் தருவார் என்று நம்புகிறேன்.

முதலில் அவருடைய ரயிலைப் பார்ப்போம். அவர் சொன்னதில் பொய்யில்லை. ராம் விலாஸ் பாஸ்வான் ரயில்வே அமைச்சராக இருந்த 1996இல் ஹாஜிப்பூர் மண்டலத்துக்கு அடிகோலப்பட்டது. ஹாஜிப்பூர் அவருடைய தொகுதி. நிதீஷ் குமார் அதே நாற்காலியில் இருந்தபோது, 2002 அக்டோபர் 1இல், அது இயங்கத் தொடங்கியது. கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட கிழக்கு ரயில்வேயிலிருந்து பகுதிகளைப் பிரித்துத்தான் இது செய்யப்பட்டது. வங்காளத்தில் எழுந்த கூச்சலுக்குத் தலைமை தாங்கியவர் மம்தா பானர்ஜி. பின்னர் 2009இல் அவரே ரயில்வே அமைச்சரானார். இலாகா கை மாறியதும் ஆதாயமும் ஊர் மாறியது. ஒரு மாநிலத்தார் அமைச்சராக இருக்கும்வரை அவ்வூருக்குப் புது வண்டி வரும். அவர் போனதும் அடுத்தவர் ஊருக்கு வரும். ஆண்டுக்கு இரண்டு முறை, இரண்டு இரவும் ஒரு பகலும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் கிடந்து ஊர் போகும் நமக்கு ஒரு புது வண்டியின் அருமை தெரியாததன்று. ஆயினும் அது சலுகை, உரிமையன்று. வந்த வழியே போய்விடக்கூடியது.

அந்த நாற்காலியின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2012 மார்ச் 14இல், திரிணாமூல் காங்கிரஸைச் சேர்ந்த ரயில்வே அமைச்சர் தினேஷ் திரிவேதி, பல ஆண்டுகளாக ஏறாதிருந்த பயணிக் கட்டணத்தை உயர்த்தி வரவுசெலவுத் திட்டம் கொண்டுவந்தார். நான்கு நாட்களில் அவர் பதவி விலகினார். விலகச் சொன்னது எதிர்க்கட்சியன்று, அவருடைய கட்சித் தலைமையே! கட்டணத்தை உயர்த்தவும் மனமில்லை, உயர்த்தாமல் நடத்தவும் வழியில்லை என்ற நிலையில் ஒரு கட்சி அந்த இலாகாவை ஏன் கேட்டு வாங்க வேண்டும்? இன்று அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2017 முதல் ரயில்வேக்குத் தனி வரவுசெலவுத் திட்டம் கிடையாது. பொதுத் திட்டத்தோடு கலந்துவிட்டது.

நிற்க. கூட்டணியில் யாருக்கு எத்தனை அமைச்சர் என்பதற்கு விஞ்ஞான விதிபோல் ஒன்று உண்டு. வில்லியம் கேம்சன் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1961இல் சொன்னது: கூட்டணிக்கு ஒரு கட்சி எத்தனை இடங்களைக் கொண்டுவருகிறதோ, அந்த விகிதத்திலேயே பதவிகளையும் எதிர்பார்க்கும். ஐரோப்பிய நாடுகளின் அமைச்சரவைகளைக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள், விதி பெரும்பாலும் பொருந்துகிறது என்றார்கள். எனக்கு இந்த விதியின் மீது ஒரே குறை. பதவிகளை எண்ணுகிறதே தவிர எடை போடுவதில்லை. வேதியியல் மாணவனுக்கு எண்ணிக்கையும் எடையும் ஒன்றல்ல என்பது முதல் பாடம்.

2004ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தி.மு. கழகத்துக்கு மக்களவையில் 16 இடங்கள். அமைச்சர் பதவிகள் ஏழு. எண்ணிக்கையில் குறைவில்லை. இருந்தும் முதல் சில நாட்கள் கழக அமைச்சர்கள் பொறுப்பேற்கவில்லை. பேசியபடி இலாகாக்கள் வரவில்லை என்ற மனத்தாங்கல். அதைத் தீர்க்கக் கப்பல் இலாகா பெயர்த்து எடுத்துவரப்பட்டது. அது யாரிடமிருந்து வந்தது தெரியுமா? தெலங்கானா ராஷ்டிர சமிதியின் சந்திரசேகர ராவிடமிருந்து! தனி மாநிலம் ஒன்றையே கோரிக்கையாகக் கொண்டு ஐந்து பேரோடு வந்த கட்சி. அந்த மாநிலத்துக்கோ கடற்கரை என்பதே இல்லை. அவருக்குக் கொடுத்தது கப்பல்! அதையும் மூன்று நாளில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் இலாகா இல்லாத அமைச்சராக இருந்தார். கேட்டது மாநிலம், அதற்கான கோப்பு உள்துறையில் இருந்தது.

கப்பல் இலாகா வந்த பின் என்ன ஆயிற்று? சேதுக் கால்வாய்த் திட்டம் 2005 ஜூலை 2இல் மதுரையில் பிரதமர் கையால் தொடங்கிவைக்கப்பட்டது. மதிப்பீடு 2,427 கோடி ரூபாய். அந்தத் திட்டம் நல்லதா கெட்டதா என்பதில் எனக்கே ஐயம் உண்டு. மீனவரும் கடலியல் அறிந்தோரும் எழுப்பிய கேள்விகள் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. இங்கே நான் பார்ப்பது வேறொன்று. இலாகா நம் கையில், அமைச்சர் நம்மவர், பணம் ஒதுக்கியாயிற்று, தூர்வாரும் கப்பலும் வந்தாயிற்று. ஆனாலும் 2007இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டுப் பகுதியைத் தொடக்கூடாதென்று தடை விதித்தது. நீதிமன்றத்தில் மத்திய அரசாங்கத்தின் பெயரால் பதிலுரை தந்தது பண்பாட்டு அமைச்சகத்தின்கீழ் உள்ள தொல்லியல் துறை. அந்தப் பதிலுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது அரசாங்கத் தலைமை. கப்பல் அமைச்சர் கையில் கால்வாயின் சாவி இல்லை! அது நாலு அமைச்சகங்களில் நாலு துண்டாகக் கிடந்தது. கால்வாய் இன்றுவரை முடியவில்லை.

அதே ஆட்சியில், அதே கட்சி, இலாகா எதுவும் கையில் இல்லாமலே ஒன்றைச் சாதித்ததையும் பாருங்கள். தமிழைச் செம்மொழியாக அறிவிப்பது என்பதைக் குறைந்தபட்சப் பொதுத் திட்டத்தில் எழுத்தில் ஏற்றிவிட்டார்கள். 2004 அக்டோபரில் அறிவிப்பு வந்துவிட்டது. பண்பாட்டு இலாகாவில் கழக அமைச்சர் இருந்தாரா? இல்லை. கல்வி இலாகாவில்? இல்லை. தாளில் ஒரு வரி இருந்தது. அதற்குக் கையெழுத்து இருந்தது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு தெளிவு பிறந்தது. பலருடைய சம்மதம் தேவைப்படும் காரியத்தை எழுத்தில் வாங்க வேண்டும். ஒருவர் கையெழுத்தோடு முடியும் காரியத்துக்கே நாற்காலி கேட்க வேண்டும்.

கையெழுத்தோடு முடியும் காரியம் எது என்பதற்கும் அந்த அமைச்சரவையிலேயே உதாரணம் உண்டு. பாட்டாளி மக்கள் கட்சிக்கு ஆறு இடங்கள்தாம். சுகாதார இலாகா அன்புமணி ராமதாஸிடம் வந்தது. மதுவும் புகையும் ஒழிய வேண்டும் என்பது அக்கட்சி தெருத்தெருவாகச் சொல்லிவந்த கொள்கை. புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2003இலேயே இயற்றப்பட்டிருந்தது, வேண்டியது விதிகளே. விதிகள் எழுதப்பட்டன. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் அபராதம். பெரும் பணம் செலவாகவில்லை. ஒப்பந்தக்காரர் எவரும் பிழைக்கவில்லை. ஆனால் இன்று ரயில் பெட்டியிலும் நம் நூலக வராந்தாவிலும் புகை இல்லாமல் மூச்சுவிடுகிறோம் என்றால் ஆறு பேர் கட்சியின் கையெழுத்துக்கும் அதில் பங்குண்டு. சிகரெட் உறைமேல் அச்சிடும் எச்சரிக்கைப் படமோ அமைச்சர் குழுவின் மேசைக்குப் போயிற்று. வலுவிழந்து, பலமுறை தள்ளிப்போய், 2009 மே 31இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் அவர் பதவியில் இல்லை. அவர் செய்த எல்லாவற்றையும் புகழ்வதாக எண்ண வேண்டாம். தில்லி எய்ம்ஸ் இயக்குநரை நீக்குவதற்கென்று வந்த சட்டத் திருத்தத்தை 2008 மேயில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. இருந்தாலும் இலாகாவைத் தேர்ந்த விதத்தில் அந்தச் சிறு கட்சி பெரிய கட்சிகளுக்குப் பாடம் சொன்னது.

முரசொலி மாறன் வர்த்தக அமைச்சராக இருந்ததையும் இந்த வரிசையில் சேர்ப்பேன். 2001 நவம்பரில் தோகாவில் கூடிய உலக வர்த்தக மாநாட்டில், முதலீடு, போட்டி போன்ற புதுப் பொருள்களை வளர்ந்த நாடுகள் பேச்சுவார்த்தைக்குள் கொண்டுவர முயன்றபோது அவர் கடைசிவரை இசையவில்லை. மாநாடு ஒரு நாள் நீண்டது. வெளிப்படையான ஒருமித்த கருத்து இருந்தால்தான் அவற்றைத் தொடங்கலாம் என்ற விளக்கத்தைத் தலைவர் வாயிலாகப் பெற்ற பிறகே அவர் வளைந்துகொடுத்தார். தமிழ்நாட்டுக்கு இதனால் ஒரு பாலம்கூடக் கிடைக்கவில்லை என்று யாரேனும் சொன்னால் மறுக்க மாட்டேன்.

பணம் மிகுதியாகப் புழங்கும் இலாகாவைப் பற்றி நீட்டிப் பேச விருப்பமில்லை. தொலைத்தொடர்பில் நடந்தது யாவரும் அறிந்ததே. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்துசெய்தது. 2017 டிசம்பர் 21இல் தனி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுதலை செய்தது. அதன்மேல் மேல்முறையீடும் உண்டு. நீதி எப்படி முடிந்தாலும், இடைப்பட்ட ஏழாண்டு ஒரு கட்சி தன் கொள்கையைப் பேசுவதற்குப் பதில் அலைக்கற்றையைப் பற்றியே விடை சொல்லிக்கொண்டிருந்தது. வட நாட்டில் படிக்கும் நம்மில் மூத்தவர்களைக் கேளுங்கள், ‘நீ மதராசியா?’ என்ற கேள்விக்கு அடுத்த கேள்வி அந்நாளில் எதுவாக இருந்தது என்று சொல்வார்கள்.

இனி இணை அமைச்சர் பதவிகள். நிதியில் ஒருவர், உள்துறையில் ஒருவர், சட்டத்தில் ஒருவர் என்று வாங்கிப் போட்டால் எல்லா வீட்டிலும் நமக்கொரு காது இருக்கும் என்பது கணக்கு. காது இருக்கும், வாய் இருக்குமா? நீட் தேர்வுக்கான அறிவிக்கையை இந்திய மருத்துவக் கவுன்சில் 2010 டிசம்பரில் வெளியிட்டது. அப்போது சுகாதார அமைச்சகத்தில் கழகத்தின் இணை அமைச்சர் ஒருவர் அமர்ந்திருந்தார். சென்னையிலும் கழக ஆட்சியே. தில்லியில் பேசித் தடுக்க இயலவில்லை; தமிழ்நாட்டு அரசாங்கம் உயர் நீதிமன்றத்தை நாடித் தடை வாங்க வேண்டியதாயிற்று. அந்த இணை அமைச்சரைக் குறை சொல்லி என்ன பயன்? மூத்த அமைச்சர் ஒதுக்கிக் கொடுத்த வேலையைத்தான் அவர் பார்க்க முடியும். 2003இல் வந்த 91ஆம் திருத்தத்தின்படி அமைச்சர் எண்ணிக்கை அவையின் நூற்றுக்குப் பதினைந்தைத் தாண்டக் கூடாது. மக்களவைக் கணக்கில் 81 பேர். அந்த 81க்குள் இத்தகைய நாற்காலிகளை வாங்கிக் குவிப்பது, செல்லாக் காசை மூட்டை கட்டுவது போலத்தான்.

வெளிநாட்டுச் செய்தி இரண்டு சொல்லி மேலே போகிறேன். இரண்டும் மாணவரைப் பற்றியவை என்பதால் நம் இதழுக்குப் பொருந்தும்.

இங்கிலாந்தில் 2010இல் லிபரல் ஜனநாயகக் கட்சி 57 இடங்களோடு கன்சர்வேடிவ் கட்சிக்குத் துணை நின்றது. தேர்தலுக்கு முன் அக்கட்சியின் வேட்பாளர்கள், பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்த விடமாட்டோம் என்று மாணவர் சங்க உறுதிமொழியில் கையெழுத்திட்டிருந்தார்கள். தலைவர் நிக் கிளெக், தமக்கென்று பெரிய இலாகா எதுவுமில்லாமல் துணைப் பிரதமரானார். தொழில் வணிக இலாகா வின்ஸ் கேபிளுக்கு. உயர்கல்வி அந்த இலாகாவுக்குள்தான் இருந்தது! அந்த ஆண்டு டிசம்பர் 9இல் கட்டணத்தை 9,000 பவுன் வரை உயர்த்தும் தீர்மானத்தைப் பாராளுமன்றத்தில் முன்னின்று நிறைவேற்றியவர் கேபிள். 323க்கு 302. அக்கட்சியாரே பாதிப் பேர்தான் ஆதரித்தார்கள். ஐந்தாண்டு கழித்து 57 எட்டாயிற்று. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் தான் கொடுத்த வாக்கைத் தன் கையாலேயே முறிக்கவேண்டிய இலாகாவில் போய் உட்கார்ந்தது அவர்களே தேடிக்கொண்ட வினை.

மற்றது வட அயர்லாந்து. அங்கே பேரமே இல்லை. இடங்களின் விகிதத்தைக் கொண்டு டி ஹாண்ட் முறைப்படி வரிசை போட்டு, ஒவ்வொரு கட்சியும் தன் முறை வரும்போது ஓர் இலாகாவை எடுத்துக்கொள்ளும். விருந்தில் பந்தி பரிமாறுவதுபோல் அன்று; பண்டத்தை நடுவில் வைத்து, முறைபோட்டு எடுத்துக்கொள்வதுபோல். 1999 நவம்பர் 29இல் முதலில் வந்தவர்கள் தொழிலையும் நிதியையும் வட்டார வளர்ச்சியையும் எடுத்தார்கள். நான்காவதாக வந்தது ஷின் ஃபெய்ன் கட்சி. அது கல்வியை எடுத்தது. அவையில் இருந்தவர்கள் திகைத்துப்போனார்கள். மார்ட்டின் மெக்கின்னஸ் கல்வி அமைச்சரானார். பதினொரு வயதுக் குழந்தையை ஒரே தேர்வால் இரண்டாகப் பிரிக்கும் முறை முடியும் என்று 2002இல் அறிவித்தார். அரசாங்கம் நடத்திய கடைசித் தேர்வு 2008இல் நடந்தது. பள்ளிகள் சில தாமே தேர்வு நடத்தத் தொடங்கிவிட்டன என்பது வேறு கதை. மற்ற மூவரும் விட்டுவைத்த இலாகா அது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

என் விடைக்கு வந்துவிட்டேன். தமிழ்நாட்டுக் கட்சி ஒன்றுக்கு மீண்டும் அந்த வாய்ப்பு வருமானால், ஏழு வேண்டாம், ஒன்று போதும், அந்த ஒன்று கல்வியாக இருக்கட்டும்.

கல்வியை மாநிலப் பட்டியலுக்குத் திருப்புக என்று கேட்கும் கட்சி, மத்தியக் கல்வி இலாகாவில் உட்காரலாமா? வின்ஸ் கேபிள் கதை ஆகாதா? இந்தக் கேள்வி என்னையும் இரண்டு நாள் வருத்தியது. 42ஆம் திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்குப் போன கல்வியைத் திருப்ப மீண்டும் ஒரு திருத்தம் வேண்டும். இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அது எழுத்தில் வாங்கவேண்டிய காரியம், நாற்காலியால் ஆகாது. ஆனால் நம்மை அன்றாடம் அழுத்துபவற்றில் பெரும்பகுதி அரசியல் சட்டத்திலிருந்து வருவதில்லை. ஒழுங்குமுறை, வழிகாட்டு நெறி, சுற்றறிக்கை என்ற பெயர்களில் வருகிறது. 2022இல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலை வகுப்புகளுக்கு வந்த பொது நுழைவுத் தேர்வு அப்படி வந்ததுதான். துணைவேந்தர் நியமனம் பற்றி 2025 ஜனவரியில் வந்த வரைவும் அப்படியே. 1956ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, கொள்கை பற்றிய விஷயங்களில் குழுவுக்குக் கட்டளையிட மத்திய அரசாங்கத்துக்கு அதிகாரம் தருகிறது. பேனாவால் வந்ததைப் பேனாவால் நிறுத்தலாம். மாநிலத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற கட்சிதான் விட்டுக்கொடுக்கும் அதிகாரமுள்ள நாற்காலியில் இருக்க வேண்டும். அந்த நாற்காலியில் அமர்ந்து கொள்கையை முறிக்க வேண்டியதில்லை, நடத்திக் காட்டலாம்.

இதில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு, மறைக்க மாட்டேன். 2024 ஜூன் 9இல் புதிய மத்திய அமைச்சரவை பதவியேற்றது. பெரிய கட்சிக்கு 240 இடங்கள்; துணைக் கட்சிகள் இல்லாமல் ஆட்சி இல்லை. தெலுங்கு தேசத்துக்கு விமானப் போக்குவரத்து; ஐக்கிய ஜனதா தளத்துக்குப் பஞ்சாயத்து ராஜும் மீன்வளமும்; மற்றவர்களுக்கு எஃகு, உணவுப் பதனம், சிறு தொழில். கல்வியில் துணைக் கட்சியார் ஒருவர் இணை அமைச்சர் மட்டுமே. பத்து நாள் கழித்து, ஜூன் 19இல், முந்தைய நாள் நடந்து முடிந்த நெட் தேர்வை ரத்துசெய்தார்கள். விஞ்ஞானப் பாடங்களுக்கான தேர்வு, நான்கே நாள் இருக்கையில் தள்ளிவைக்கப்பட்டது. எங்கள் துறையின் மூத்த மாணவர்கள் அந்த வாரம் இருந்த நிலையை நான் பார்த்தேன். ஒருவர் ஊருக்குப் போகவிருந்த பயணச் சீட்டைத் தேர்வுக்காக ரத்துசெய்திருந்தார். மறுபடி எடுக்கப் போனால் காத்திருப்போர் பட்டியலில் இருநூறுக்கு மேல். அதற்கடுத்த மாதம் வந்த வரவுசெலவுத் திட்டத்தில் அமராவதிக்கு 15,000 கோடி ரூபாய்க்கு ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. விமான இலாகாவால் வந்ததன்று அது. 16 உறுப்பினர்களின் பலத்தால் வந்தது. 2014 முதல் 2018 வரையிலும் அதே கட்சியிடம் அதே விமான இலாகா இருந்தது. கேட்ட சிறப்பு அந்தஸ்து வரவில்லை, 2018 மார்ச்சில் வெளியேறினார்கள். அன்று பெரிய கட்சிக்குத் தனித்தே பெரும்பான்மை இருந்தது. தலைநகருக்குப் பணம் வாங்க எண்ணிக்கையே போதுமாயின், நாற்காலிக்கு வேறு ஏதேனும் கேட்டிருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பெரிய கட்சி கல்வியைக் கொடுக்குமா என்பது நியாயமான கேள்வி. எளிதில் கொடுக்காது. உள்துறை, நிதி, பாதுகாப்பு, வெளியுறவு நான்கையும் எந்தப் பெரிய கட்சியும் விட மனம்கொள்ளாது; கல்வியையும் அதற்கடுத்த வரிசையில் வைத்துக் காக்கும். ஆனால் 16 இடங்களுக்கு ஏழு பதவி கொடுக்கச் சம்மதித்தவர்களிடம், ‘ஆறைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று யாரும் இதுவரை சொல்லிப் பார்த்ததாக நான் படித்ததில்லை. கட்சிக்குள் ஆறு பேருக்கு வருத்தம் வரும் என்பதால்தான் சொல்வதில்லை போலும். அதற்கும் ஒரு வழி உண்டு. எந்த இலாகாவைக் கேட்போம் என்பதைத் தேர்தல் அறிக்கையிலேயே அச்சிட்டுவிட்டால், பின்னால் வீட்டுக்குள் சண்டை குறையும். பேரத்தில் வேறொன்றுக்கு இறங்கிப்போவதும் கடினமாகும்.

இதையெல்லாம் சென்ற வாரம் என் பீகார் நண்பரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “சரி, அடுத்த முறை எங்கள் கட்சியும் கல்வியையே கேட்டால் என்ன செய்வீர்கள்?” என்றார். யாரிடம் போனாலும் தேர்வு குறித்த நாளில் நடந்தால் எனக்குச் சம்மதம் என்றேன். தேநீருக்கு அன்று அவர்தான் காசு கொடுத்தார்.